கடைசி மேசையையும் கணக்கில் எடுங்கள்

வியாழன் இரவு மேஜிக் அட்டை விளையாட்டின் பாப்பர் போட்டியை நடத்தும் நம் குழுப் பொறுப்பாளர்களுக்கும், ஜட்ஜாக நிற்கும் நண்பர்களுக்கும், வழக்கமாக முதல் மேசையில் உட்காருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்தேன். அடுத்த மாதத்திலிருந்து நுழைவுக் கட்டணம் 15 ரிங்கிட்டிலிருந்து 25 ஆகிறது. ஒவ்வொரு வெற்றிக்கும் கடையில் பொருள் வாங்கிக்கொள்ளத் தரும் 5 ரிங்கிட் நின்றுவிடும். பரிசு முழுவதும் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும். "போட்டி கொஞ்சம் சூடு பிடிக்கணும்" என்று காரணமும் சொல்லியிருந்தீர்கள். பலர் சரி சரி என்று போட்டிருந்தார்கள். நான் இரண்டு நாள் யோசித்தேன். இந்த மாற்றம் வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நம் குழுவில் பாதிக்குப் பாதி தமிழர்கள். ஆட்டத்தை ஆங்கிலத்தில் ஆடுகிறோம், கடை பாஸிடம் மலாயில் பேசுகிறோம். ஆனால் தோற்றுவிட்டு மாமாக் கடையில் தே ஓ ஐஸ் முன்னால் உட்கார்ந்து "இன்னும் ஒரு லேண்ட் மட்டும் வந்திருந்தா" என்று மனம் ஆறாமல் பேசுவது தமிழில்தான். மனதில் கிடப்பதை அதே மொழியில் சொல்வதுதான் எனக்குச் சரியாக வருகிறது. தமிழ் படிக்காத நண்பர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

வெளியிலிருந்து படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். மேஜிக் தி கேதரிங் என்பது கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் வெளிவந்த அட்டை விளையாட்டு. குறைந்தது 60 அட்டை கொண்ட ஒரு டெக்கை நாமே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். ஆளுக்கு 20 உயிர். எதிராளியின் உயிரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் முடிந்தது. லேண்ட் அட்டையை மேசையில் இறக்கினால் மானா என்ற சக்தி கிடைக்கும், மானா இருந்தால்தான் மற்ற அட்டைகளைப் போட முடியும். பாப்பர் என்ற வகையில் 'காமன்', அதாவது எளிதில் கிடைக்கும் சாதாரண அட்டை, என்று ஏதாவது ஒரு தொகுப்பில் அச்சான அட்டைகளுக்கு மட்டுமே இடம். இணையத்தில் பல வருடம் ஆடியதை 2019இல்தான் மேசை ஆட்டத்துக்கும் ஒரே விதியோடு அதிகாரபூர்வமாக்கினார்கள். என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்தது அந்த வாசல் வழியாகத்தான். வேறு சில வகைகளில் நன்றாக ஆடக்கூடிய ஒரு டெக் வாங்க வேண்டுமானால், ஷா ஆலாம் கிடங்கில் நான் வாங்கும் சம்பளத்தில் பெரும் பகுதியைக் கொட்ட வேண்டும்.

2019 கடைசியில் நான் முதல் தடவையாகச் சுபாங் ஜெயாவில் அந்தக் கடை மாடிக்கு ஏறி வந்தேன். அன்று 15 பேர். ஒரு சுற்றுக்கு ஒரு மேட்ச், மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தவருக்கு மேட்ச். முதல் சுற்றில் இரண்டுக்கு இரண்டும் தோற்றேன். இரண்டாம் சுற்றிலும் அதே கதை. மூன்றாம் சுற்றுக்கு யாருக்கு யார் என்று சுவரில் தாள் ஒட்டினார்கள். என் பெயருக்கு எதிரே யார் பெயரும் இல்லை. எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒருவருக்கு எதிராளி கிடைக்க மாட்டார், முதல் சுற்றுக்குப் பிறகு அந்த 'பை' கடைசியில் இருப்பவருக்குத்தான் போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கணக்குப்படி அது ஒரு வெற்றி, 3 புள்ளி. ஆனால் ஆட வந்தவனுக்கு அது 50 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கும் தண்டனை. சுற்றிலும் எல்லாரும் குனிந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் அட்டைகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கொமுட்டர் ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் ஈப்போக்காரர் ஒருவர், தன் ஆட்டத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்தார். "டெக்கைக் காட்டு தம்பி" என்றார். 60 அட்டையையும் மேசையில் பரப்பினார். சிவப்பு நிற அட்டைகளால் ஆன என் டெக்கில் 22 லேண்ட் வைத்திருந்தேன். நாலை எடுத்துப் போடச் சொன்னார். "18 போதும். முதல் ஏழு அட்டையில சராசரியா ரெண்டு லேண்ட் வரும், உனக்கு அதுக்கு மேல வேணாம்." எடுத்த இடத்தில் தன் பெட்டியிலிருந்து நாலு அட்டை போட்டார். காசு வாங்கவில்லை. அப்புறம் சொன்னார்: "லைட்னிங் போல்ட் அட்டை ஒன்னு மூனு உயிரை எடுக்கும். அது மாதிரி ஏழுன்னா 21. அவன் எறக்குற ஒவ்வொரு ஜந்துவையும் சுட்டுக்கிட்டு இருக்காத. அவனோட 20ஐ எண்ணு."

நாலாவது சுற்றிலும் மேட்ச் தோற்றேன். ஆனால் அதில் ஒரு ஆட்டம் ஜெயித்தேன். அன்றைய தாளில் என் பெயருக்கு நேரே 1-3 என்று இருந்தது. அந்த 1 நான் ஆடாத மேட்ச். இருந்தாலும் அடுத்த வியாழன் திரும்பி வந்தேன், அதற்கு ஒரே காரணம் அந்த அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்ததுதான்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடை மூடியது. கேமராவை மேசைக்கு மேல் கட்டிவைத்து ஆடிய இரவுகள் உங்களுக்கும் நினைவிருக்கும். என் வீட்டில் அரிசி டின் மேல் புத்தகம் அடுக்கி, அதன் மேல் ஃபோனைக் கவிழ்த்து வைத்துத்தான் ஆடினேன். திரும்ப மாடிக்கு வந்தபோது பலர் கமாண்டர் என்ற வேறு வகை ஆட்டத்தின் பக்கம் போயிருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அது நடந்துவிடும், சுற்றும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். அது தப்பில்லை. நானும் ஆடுகிறேன். ஆனால் வியாழன் போட்டிக்கு 16 பேர் சேர்வதே கஷ்டமான காலம் அப்போதுதான் ஆரம்பித்தது. பத்துப் பேரை வைத்துக்கொண்டும் நிறுத்தாமல் நடத்தினீர்கள். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. இந்த மடலில் நான் என்ன கேட்டாலும் அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்.

2022இல் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் என்ற சிவப்பு அட்டை காமனாக அச்சாகி வந்தது. சிவப்பு டெக்காரர்களுக்கு அது தீபாவளி. அந்த வருடக் கடைசியில் ஒரு வியாழன் நான் 4-0 போனேன். முதல் தடவை. கடைசிச் சுற்று ஒரு நீல டெக்கோடு. மூன்றாவது ஆட்டம், எனக்கு 2 உயிர், அவருக்கு 3. என் கையில் இரண்டே அட்டை: ஒரு செயின் லைட்னிங், ஒரு போல்ட். இரண்டுமே மூன்று உயிரை எடுக்கும். அவர் பக்கம் தீவு என்ற லேண்ட் இரண்டு பயன்படுத்தாமல் நிமிர்ந்து நிற்கிறது, அதாவது நான் போடும் அட்டையைத் தடுக்கும் ஒரு கவுண்டர்ஸ்பெல்லுக்கு மானா இருக்கிறது. பழைய நானாக இருந்தால் கையில் முதலில் தட்டுப்பட்டதை அவசரமாக வீசியிருப்பேன். அன்று யோசித்தேன். செயின் லைட்னிங்கை என் முறையில்தான் போட முடியும், போல்ட்டை எப்போது வேண்டுமானாலும் போடலாம். முதலில் செயின் லைட்னிங்கைப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு தீவையும் சாய்த்து அதைத் தடுத்தார். உடனே போல்ட். அவர் கையை நீட்டினார், குலுக்கிக்கொண்டோம். என் விரல் நடுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும். அன்று எனக்குக் கிடைத்தது நாலு வெற்றிக்கு 20 ரிங்கிட். அதில் அட்டைகளுக்கு உறையாகப் போடும் ஸ்லீவ் வாங்கினேன், இன்றும் அந்த ஸ்லீவில்தான் ஆடுகிறேன். ரயிலில் கிள்ளான் வரைக்கும் அந்த இரண்டு அட்டையை மனதுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போனேன்.

2023இல் ஸ்விஃப்ட்ஸ்பியரைப் பாப்பரில் தடை செய்தார்கள். முடிவு சரிதான். அது இருந்தவரை சிவப்பைச் சமாளிப்பதே மற்றவர்களுக்கு வேலையாக இருந்தது. ஆனால் நாலு அட்டை போனதும் என் டெக் முதுகெலும்பு இல்லாமல் நின்றது. ஐந்து வாரம் தொடர்ந்து ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. தோல்வி பழகினால் ஆட்டமும் கெடும். ஒரு லேண்ட் மட்டுமே இருந்த கையை முல்லிகன் எடுக்காமல், அதாவது புதுக் கைக்கு மாற்றாமல், வைத்துக்கொண்டு "அடுத்தது வந்துரும்" என்று உட்கார்ந்தேன். நாலு முறை கடந்தும் வரவில்லை. எதிரில் இருந்தது பதினாலு வயதுப் பையன். அவன் ஜெயித்ததும் நான் டெக்கை மேசையில் ஓங்கி வைத்தேன், அட்டைகள் சிதறிக் கீழே விழுந்தன. அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான். அன்று இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு தடவை இங்கேயும் கேட்கிறேன் தம்பி.

அந்த ஐந்து வாரமும் நான் கடைசி மேசையில்தான் இருந்தேன். நாம் நடத்தும் சுவிஸ் முறையில், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே புள்ளி உள்ளவரோடு ஆட வைக்கும் முறையில், மேசை எண்ணே உங்கள் நிலைமையைச் சொல்லிவிடும். ஜெயிக்கிறவர் முதல் மேசைக்கு நகர்வார், தோற்கிறவர் சுவர் ஓரத்துக்கு. முதல் மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றை அங்கே பார்த்தேன். கடைசி மேசைக்கு வரும் முகங்கள் வாரா வாரம் மாறுகின்றன. இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரம் வருவதில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அந்த மேசையைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுகிறார்கள். நமக்கு ஆள் குறைவது அந்த மேசையில்தான்.

இதில் முதல் மேசைக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். வேறொரு கடையில் பெரிய போட்டி, 26 பேர், ஐந்து சுற்று, முதல் எட்டுப் பேர் அடுத்த கட்டத்துக்கு. நான் 3-2. அதே புள்ளியில் பலர் இருந்ததால் டைபிரேக்கர் பார்த்தார்கள். நாம் ஆடிய எதிராளிகள் எத்தனை சதவீதம் ஜெயித்தார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. என் முதல் சுற்று எதிராளி அடுத்த சுற்றிலும் தோற்று 0-2இல் நின்றார். என்னிடம் வந்து, "அண்ணே, இனி எனக்குப் பரிசு இல்லை, கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய வெற்றி பூஜ்யம், விதிப்படி அதை 33 சதவீதமாக எடுத்துக்கொள்வார்கள். இருந்து ஆடி மீதி மூன்றில் இரண்டு ஜெயித்திருந்தால் அவருக்கு 40 சதவீதம். மூன்றும் ஜெயித்திருந்தால் 60. நான் ஒன்பதாவது. எட்டாம் இடத்துக்கும் எனக்கும் இடையே ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் கிடையாது. இருப்பதற்கு ஒரு காரணத்தை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை, அதனால் போனார். அவர் போனதில் எண்ணிக்கை ஒற்றைப்படையாகி, அடுத்த சுற்றில் இன்னொருவர் 'பை' வாங்கி 50 நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவிஸ் முறையை முதலில் பயன்படுத்தியது 1895இல், சூரிச்சில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியில். தோற்றவரையும் வெளியே அனுப்பாமல் கடைசிச் சுற்று வரை ஆட வைப்பதுதான் அதன் உயிர். நாக்-அவுட் நடத்தினால் 16 பேரில் எட்டுப் பேர் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போவார்கள். அப்படி வேண்டாம் என்றுதான் நாம் சுவிஸ் நடத்துகிறோம். ஆனால் பரிசை முதல் நாலு பேருக்கு மட்டும் வைத்தால், பெயர்தான் சுவிஸ். இரண்டு தோற்றவருக்கு அது நாக்-அவுட்.

உங்கள் கஷ்டமும் எனக்குப் புரிகிறது, அதனால் காசுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 16 பேர், ஆளுக்கு 15 என்றால் 240 ரிங்கிட். ஒரு சுற்றுக்கு எட்டு மேட்ச், நாலு சுற்றுக்கு 32. எல்லா மேட்ச்சிலும் ஒருவர் ஜெயித்தால் வெற்றிக்கு 5 வீதம் 160 போகிறது. மீதி 80 மாடிக்கும் மின்சாரத்துக்கும். ஏர்கான் ஓடும் மாடிக்கு அது போதாது என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். கட்டணத்தை 18 ஆக்குங்கள், 20 ஆக்குங்கள், தருகிறோம். ஆனால் ஒவ்வொரு வெற்றிக்கும் உள்ள அந்த 5 ரிங்கிட்டில் கை வைக்காதீர்கள். 0-3இல் நிற்கிறவர் நாலாவது சுற்றுக்கு உட்காருவது அதற்காகத்தான். ஐந்து ரிங்கிட் பெரிய காசு இல்லை. ஆனால் நீ கடைசி மேசையில் ஜெயித்ததும் இங்கே வெற்றிதான் என்று அது அவரிடம் சொல்கிறது.

சூடு வேண்டும் என்கிறவர்களுக்கு அதற்கான இடங்கள் இருக்கின்றன. 2008 பிப்ரவரியில் மேஜிக்கின் பெரிய தொழில்முறைப் போட்டியான புரோ டூரே கோலாலம்பூரில் நடந்தது, ஜான் ஃபிங்கல் ஜெயித்தார். அப்போது நான் படிவம் இரண்டு படித்துக்கொண்டிருந்தேன், பக்கத்து ஊரில் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அந்த மேடைகளுக்குப் போக நினைக்கிறவர்கள் போக வேண்டும், நம் குழுவிலிருந்து ஒருவர் போனால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். வியாழன் இரவு வேறு விஷயம். வேலை முடித்து, குளித்தும் குளிக்காமலும், டெக் பெட்டியோடு ஓடி வருகிறவர்களின் இரவு அது.

ஓடி வருகிறவர்கள் என்றதும் நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு சுற்று, தலா 50 நிமிடம், அதுவே 3 மணி 20 நிமிடம். இடைவெளி, தாமதம், நேரம் முடிந்த பிறகு மாறி மாறி ஆடும் ஐந்து முறை எல்லாம் சேர்த்தால் நாலு மணி நேரத்தை நெருங்கும். 7:30 என்று போட்டுவிட்டு 8:20க்குத்தான் ஆரம்பிக்கிறோம். கார் உள்ளவர்களுக்கு அது ஒன்றுமில்லை. கடைசிக் கொமுட்டரை நம்பி வருகிறவர்கள் நாலாவது சுற்றில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறோம். நான் இரண்டு தடவை ஜெயிக்கும் நிலையில் இருந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்து ஓடியிருக்கிறேன். ரயிலை விட்டால் கிராப் காருக்குக் கொடுப்பது நுழைவுக் கட்டணத்தைவிட அதிகம். தாமதமாக வருகிறவர்களுக்காக நேரத்துக்கு வந்தவர்களைக் காக்க வைக்காதீர்கள். 7:30 என்றால் 7:30.

ஜட்ஜ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கடைப் போட்டிகளுக்கு உள்ள 'ரெகுலர்' நிலை விதிகள் தண்டிப்பதற்கு முன்னால் கற்றுக்கொடுக்கச் சொல்கின்றன. நீங்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறீர்கள். ஒருமுறை 1-1இல் மூன்றாவது ஆட்டம் ஆடும்போது என் எதிராளி மிக மெதுவாக ஆடினார். நேரம் முடிந்து டிரா ஆனது. அப்புறம் உங்களில் ஒருவரிடம் வந்து கோபப்பட்டேன். "இப்ப வந்து சொன்னா நான் ஒன்னும் செய்ய முடியாது. ஆடும்போதே கையைத் தூக்கிக் கூப்பிடுங்க. ஜட்ஜைக் கூப்பிடுறது புகார் இல்லை, உதவி" என்று பொறுமையாகச் சொன்னார். அதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் நிம்மதியாகப் போயிருக்கும். புதியவர்கள் கையைத் தூக்கப் பயப்படுகிறார்கள், கூப்பிட்டால் எதிராளி கோபித்துக்கொள்வார் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு வியாழனும் முதல் சுற்றுக்கு முன் அரை நிமிடம் எடுத்து இதைச் சொல்லுங்கள். பழையவர்களுக்குச் சலித்தாலும் பரவாயில்லை.

முதல் மேசை நண்பர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் ஆட்டங்கள் சீக்கிரம் முடிகின்றன. மீதி நேரத்தில் உங்களுக்குள்ளேயே அட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறீர்கள். சுவர் ஓரத்தில் 'பை' வாங்கி ஒருவர் தனியாக இருந்தால் அவர் எதிரில் போய் உட்காருங்கள். புள்ளி இல்லாத ஆட்டம் ஒன்று ஆடுங்கள். அவர் டெக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டு நான் ஒதுங்கப் போவதில்லை. வரும் வியாழன் ஏழு மணிக்கே மாடியில் இருப்பேன். என்னிடம் இரண்டு உபரி டெக் இருக்கிறது, ஒரு சிவப்பு, ஒரு எல்ஃப். அட்டை இல்லாமல் வேடிக்கை பார்க்க வருகிற யாரும் அதை எடுத்து ஆடலாம், முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும். பெயர் பதிவு முடியும்போது எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள். நடுவில் யாராவது கிளம்பி ஒருவர் தனியாக நின்றால், அந்த 50 நிமிடமும் அவரோடு நான் ஆடுகிறேன். அந்த வாரக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டாம், மாடிச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பை மாற்றுவதா வேண்டாமா என்று அன்றைக்கே, முதல் சுற்றுக்கு முன்னால், எல்லாரும் இருக்கும்போது பேசுவோம். கடைசி மேசையில் வழக்கமாக இருப்பவர்களையும் பேச விடுங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து வரும் சிவப்பு டெக்காரன்